சேதி சொன்னவனுக்குச் சேதி சொல்வது யார்?

செத்தவனாக நடிக்க ஆள் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். வடசென்னையில் நான் அப்போது வேலை செய்துகொண்டிருந்த தெருவில் நடந்தது இது. பக்கத்தில் இருந்த தொழிற்சாலை ஒன்றில் விஷவாயு கசிந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒத்திகை. காண்ட்ராக்ட் மேஸ்திரி ஒருவர் வந்து பதினைந்து பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆளுக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் ஒரு டீயும். தரையில் படுக்க வேண்டும். சிலர் மயங்கியவர்கள், சிலர் செத்தவர்கள். மூட்டை மாதிரி உடை போட்டவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். போட்டோ எடுப்பார்கள். பதினோரு மணிக்கு ஆரம்பித்தது, பன்னிரண்டரைக்கு முடிந்துவிட்டது.

திரும்பி வந்த பையனிடம் அவன் ஆயா கேட்டாள்: "இன்னா காஸாம்டா அது?"

"தெரியாது ஆயா. படுக்கச் சொன்னாங்க, படுத்தேன்."

"நெஜமாவே வந்துச்சுனா எந்தப் பக்கம் ஓடணுமாம்?"

"அத்த சொல்லல."

இந்தக் கட்டுரை அந்த ஆயாவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். வேதியியலும் கதிரியக்கமும் என் துறை அல்ல. ஆனால் இங்கே நான் பேச வருவது வேதியியல் பற்றி மட்டும் அல்ல. ஒரு நகரம் ஆபத்துக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது என்று சொல்லும்போது, அந்தத் 'தன்னை' என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? செத்தவனாக நடிக்கத் தேவைப்படுகிறவனைப் பிழைக்க வைப்பதற்கான திட்டத்தில் காணோம் என்றால், அந்தத் திட்டத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

*

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1984 டிசம்பர் 2 இரவு, விடிந்தால் 3. போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் கசிந்தது. ஆலைக்கு எதிரில் இருந்தவை ஏழைகளின் குடிசைப் பகுதிகள். நள்ளிரவு தாண்டி ஊருக்கான சைரன் சற்று நேரம் ஊதியது, பிறகு நிறுத்தப்பட்டது. ஆலைக்குள் இருப்பவர்களுக்கான சைரன் மட்டும் தொடர்ந்தது. ஊருக்கு மறுபடி ஊதியபோது சனங்கள் ஏற்கெனவே கண் எரிந்து, இருமி, விழுந்து, மிதிபட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று போன திசையிலேயே பலர் ஓடினார்கள். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்காக ஒதுங்கியிருந்தால் பலருக்குப் பாதிப்பு குறைந்திருக்கும். அந்த ஒரு வரியை அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. செலவில்லாத ஒரு வரி அது.

அதற்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1989இல் அபாயகரமான வேதிப்பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகள். 1996இல் வேதியியல் விபத்துகளுக்கான தனி விதிகள். 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம். வேதியியல் பேரிடருக்கு 2007இலும், அணு, கதிரியக்க அவசரநிலைக்கு 2009இலும் தேசிய ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள். சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

1989 விதிகளில் 15ஆவது விதியைத் தோழர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். ஆலைக்கு வெளியே, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய இடத்தில் இருக்கிற ஆட்களுக்கு, என்ன மாதிரியான ஆபத்து, அப்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெரிவிக்க வேண்டியது ஆலையை நடத்துகிறவரின் கடமை. நேரடியாகவோ மாவட்ட அதிகாரி மூலமாகவோ தெரிவிக்கலாம். அதாவது அந்த ஆயாவின் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று 1989லிருந்து சட்டம் இருக்கிறது. அவள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்து சனங்கள் தெருவில் சுருண்டு விழுந்தார்கள். எச்சரிக்கைச் சைரன் பயன்படுத்தப்படவில்லை என்று பிறகு அரசு அமைத்த குழுவே சொன்னது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில், கப்பலிலிருந்து உரத்தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் சனங்களை எழுப்பியது சைரன் அல்ல. அவர்களுடைய மூக்கும் கண்ணும்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கிழவியைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று சுனாமியின் பத்தொன்பதாம் ஆண்டு நினைவு நாள். காலையில் கடலில் பாலூற்றிப் பூப்போடுகிற கரை, இரவில் நிற்க முடியாத கரையானது.

அவை மீனவர் குப்பங்கள். சேரிகள் அல்ல. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "காத்துக்கு சாதி ஏதுப்பா" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். பாதி உண்மை. வாயு ஆள் பார்த்து ஏறாது. ஆனால் வாயு வருகிற இடத்தில் யாருடைய வீடு இருக்கிறது என்பதை வாயுவா தீர்மானித்தது? எண்ணூரிலும் மணலியிலும் சாம்பலும் எண்ணெயும் அமிலமும் அடுத்தடுத்து வந்து உட்கார்ந்தது தற்செயலா? அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில், இவர்கள் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்பதையே ஒரு தனிக் கேள்வியாக வைத்து ஆராய்ந்தார். அந்தக் கேள்வியை இன்றைய நகரத்தின் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே எது வைக்கப்படுகிறது? சேரி, சுடுகாடு, குப்பைமேடு, தொழிற்சாலை. எல்லாம் ஒரே பக்கம்.

*

சைரனைப் பற்றி யோசிக்கும்போது எனக்குப் பறை ஞாபகம் வருகிறது.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது பறையையும் சேர்க்கிறது. அந்த வரிசையில் பறையை அடுத்து நிற்கும் சொல் செய்தி. உரையாசிரியர்கள் அதற்குத் தொழில் என்று பொருள் சொல்வார்கள். வகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. எங்கள் ஆட்களுக்குப் பறையும் செய்தியும் ஒன்றாகவே இருந்தன. ஏரி உடையப் போகிறதா, வரி கட்ட வேண்டுமா, ஊரில் சாவா, எல்லாவற்றையும் தெருத் தெருவாக அடித்துச் சொன்னவன் சேரியிலிருந்து போனவன். வெள்ளம் வருவதை ஊருக்குச் சொல்லிவிட்டு, பள்ளத்தில் இருக்கிற தன் குடிசைக்கு அவன் திரும்பி வந்தபோது அவனுக்குச் சேதி சொல்ல யார் இருந்தார்கள்? 2022இல்தான் தமிழ்நாட்டு அரசு தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம் என்று சொன்னது. சரிதான், வேண்டாம். ஆனால் அந்த இடத்துக்கு வந்த சைரனும் செல்போன் எச்சரிக்கையும் யாரை நோக்கிப் பேசுகின்றன என்று கேட்காமல் விடமுடியாது.

எச்சரிக்கை என்பது வெறும் ஒலி அல்ல. நீ பிழைத்திருக்க வேண்டியவன் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது அது. அதனால்தான் எச்சரிக்காமல் விடுவதை நான் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒப்புக்கொள்வதில்லை. அது ஒரு மதிப்பீடு.

*

ஆபத்துக் காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்துக் கொடுக்கும் தாள்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் போங்கள். கதவு ஜன்னல்களைச் சாத்துங்கள். இடுக்குகளில் ஈரத்துணியை அடையுங்கள். ஏ.சி.யை நிறுத்துங்கள். ரேடியோவைக் கேளுங்கள். கதிரியக்க ஆபத்து என்றால் சுவர் கனமாக உள்ள நடு அறையில் இருங்கள். எல்லாமே சரியான யோசனைகள். வாயு மேகம் கடந்து போகும்வரை நல்ல வீட்டுக்குள் இருப்பது, வெளியே ஓடுவதைவிடப் பல சமயம் பாதுகாப்பானதுதான். கான்கிரீட் சுவர் காமாக் கதிரை ஓரளவு தடுக்கும்தான்.

ஆனால் தார்ப்பாயும் தகரமும் எதைத் தடுக்கும்? ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கை அகலம் இடைவெளி இருக்கிற வீட்டில் எந்த இடுக்கில் எத்தனை துணியை அடைப்பது? நடைபாதையில் படுக்கிற குடும்பம் எந்தக் கதவைச் சாத்தும்? அந்தத் தாளை எழுதியவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. எழுதும்போது அவர் மனக்கண்ணில் ஒரு வீடு இருந்தது. அது அவருடைய வீடு. மனிதர் என்று பொதுவாகச் சொல்லும்போது தன்னை மட்டும் நினைத்துக்கொள்கிற வழக்கம் இந்த நாட்டில் பழையது.

"சரி, வெளியேற்றிவிடலாம், பஸ் வரும்" என்பார்கள். எங்கள் சனம் பஸ்ஸைக் கண்டால் பயப்படுகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து உங்கள் பாதுகாப்புக்காக என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனவர்களைப் பெரும்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் இங்கே, ஆள் அங்கே. போனவர்கள் திரும்பி வந்து பார்த்தால் குடிசை இல்லை. பாதுகாப்பு என்ற சொல்லையே கெடுத்து வைத்திருக்கிறார்கள். நாளைக்கு உண்மையாகவே வாயு வந்து, உண்மையாகவே பஸ் வந்தாலும், "இது காலி பண்ற பஸ்ஸா, காப்பாத்துற பஸ்ஸா" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். அந்த ஐந்து நிமிடத் தயக்கத்தில் போகிற உயிருக்கு யார் பொறுப்பு? முன்பு பொய் சொன்னவர்தான்.

*

கதிரியக்கத்தைப் பற்றி ஒரு சம்பவம். பிரேசில் நாட்டில் கோயானியா என்ற நகரம். 1987 செப்டம்பர். கைவிடப்பட்ட ஒரு புற்றுநோய் சிகிச்சை நிலையத்திலிருந்து காயலான் பொருள் பொறுக்குகிற இருவர் ஒரு கருவியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்குள் சீசியம்-137. காயலான் கடைக்காரர் அதை வாங்கினார். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூளைப் பார்த்து அதிசயப்பட்டு உறவினர்களுக்குக் கொடுத்தார். குடும்பத்தில் ஒவ்வொருவராக நோயில் விழ, இந்தப் பொருள்தான் காரணம் என்று முதலில் கண்டுகொண்டது எந்த விஞ்ஞானியும் அல்ல, கடைக்காரரின் மனைவி. மிச்சத்தை ஒரு பையில் போட்டு, பஸ் ஏறிப் போய், சுகாதார அலுவலகத்தில் கொண்டு வைத்தாள். அந்த நகரத்துக்குச் சைரனாக இருந்தவள் அவள். ஒரு மாதத்துக்குள் செத்துப்போனாள். ஆறு வயதுக் குழந்தை உட்பட நான்கு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்ததில் 249 பேர் உடலிலோ உடையிலோ கதிரியக்கம் இருந்தது.

என்னை உலுக்கியது அதற்கு அடுத்தது. அந்தக் குழந்தையை ஈயப் பெட்டியில் வைத்துப் புதைக்கக் கொண்டுபோனபோது, எங்கள் சுடுகாட்டில் புதைக்காதே என்று கூட்டம் கூடிக் கல் எறிந்தது. கோயானியாக்காரர்களுக்கு வெளியூர் ஓட்டல்களில் இடம் கிடைக்கவில்லை. தூய்மையானவர் என்ற சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அது பிரேசிலாகத் தெரியவில்லை. சுடுகாட்டுப் பாதை மறிக்கப்படுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் இங்கே கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. தீட்டும் கதிரியக்கமும் ஒன்றல்ல. சீசியம் உண்மையாகவே இருக்கிறது, தீட்டு இல்லை. கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் ஒட்டும், தூரம் நிற்க வேண்டும் என்ற வகையில் இரண்டும் ஒரே மாதிரி பேசப்படுகின்றன. அதனால் நிஜமான ஆபத்து வரும்போது பழைய தீட்டு மனம் அதற்குள் புகுந்துகொள்கிறது. கதிர்வீச்சுக்கு ஆளானவர் எல்லோரும் மற்றவருக்குக் கதிர்வீசுகிறவர் அல்ல. தூள் ஒட்டியிருந்தால்தான் ஆபத்து. மேலாடையைக் கழற்றினாலே பெரும்பகுதி போய்விடும், மீதியைச் சோப்பும் தண்ணீரும் கழுவிவிடும். தீட்டுக்கு எந்தச் சோப்பு இருக்கிறது? சீசியத்தின் அரை ஆயுள் 30 வருடம். தீட்டின் ஆயுளைக் கணக்குப் போட்டவர் யார்? ஆகவே நகரத்தைத் தயார்ப்படுத்துவது என்றால் கருவி வாங்குவது மட்டும் அல்ல. பாதிக்கப்பட்டவரை ஒதுக்காதே என்பதையும் அதே ஒத்திகையில் சொல்லித்தர வேண்டும். சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த நாட்டில் அதைச் சொல்லித்தர முடியாது.

இது நமக்கு நேராது என்று நினைக்க வேண்டாம். 2010இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் கிடப்பில் இருந்த கோபால்ட்-60 கருவி ஏலத்தில் விற்கப்பட்டு மாயாபுரி காயலான் சந்தைக்கு வந்தது. அதை உடைத்தவர்கள் கூலிக்காரர்கள். ஒருவர் இறந்தார். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். படித்தவர்கள் தூக்கிப்போட்டதைப் படிக்காதவர்கள் கையால் பிரித்தார்கள்.

*

இன்னொன்றையும் கேட்க வேண்டும். எதை அவசரநிலை என்கிறோம்?

சாக்கடைத் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. இன்னும் அதிகமானால் இறங்கியவன் இரண்டு மூச்சில் விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். அதனால்தான் செய்தியில் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர். இது வேதியியல் விபத்து இல்லையா? 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது உச்சநீதிமன்றம், 2023இல் முப்பது லட்சம் ஆக்கியது. தொகை ஏறுகிறது. தொட்டிக்குள் ஆள் இறங்குவது நிற்கவில்லை. விஷவாயுவுக்கான உடையும் காற்றுச் சிலிண்டரும் ஒத்திகைக்கு வருகின்றன, தெருமுனைத் தொட்டிக்கு வருவதில்லை. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் செத்தால் பேரிடர். ஆயிரம் தொட்டிகளில் ஒவ்வொருவராகச் செத்தால் அது அவர்கள் தொழில்.

பெரிய பேரிடர் முடிந்த பிறகும் இதே ஆட்கள்தான். 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் அழுகிய பிணங்களை அள்ள வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அதே நேரத்தில் நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டார்கள். நாளைக்கு ஒரு நகரம் கதிரியக்கத் தூளால் மூடப்பட்டால் தெருவைக் கழுவ யார் கையில் துடைப்பம் கொடுக்கப்படும் என்பதை எந்தத் திட்டமும் வெளிப்படையாக எழுதாது. எழுதத் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும். எழுதப்படாத அந்தப் பக்கத்தைத்தான் நாம் எழுதவைக்க வேண்டும். யார் கழுவுவார், அவருக்கு என்ன உடை, எவ்வளவு நேரம், உடம்பில் ஏறிய அளவை யார் அளப்பார், மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? தீயணைப்பு வீரருக்கும் நர்சுக்கும் கேட்கப்படுகிற கேள்விகள் இவருக்கும் கேட்கப்பட வேண்டும்.

*

ஒரு தோழர் இதை மறுத்தார். "நீ ஒத்திகை கேக்குறது, ஒழுங்கா சாவறதுக்குப் பயிற்சி கேக்குற மாதிரி இருக்கு. ஆலையே வேணாம்னு சொல்றத விட்டுட்டு சைரன் கேக்குறியே." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நல்ல சைரன் வைத்துவிட்டால் ஆலையின் மேல் இருக்கிற கேள்வி அமுங்கிவிடலாம். ஒத்திகையில் கலந்துகொள்வது ஆபத்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுவது மாதிரி ஆகலாம். இன்னொரு பக்கம், அந்த ஆலைக்குள் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்களும் எங்கள் தெருப் பையன்கள்தான்.

நான் யோசித்துச் சொன்ன பதில் இது. ஆலை இருக்க வேண்டுமா என்று தீர்மானிக்கிற இடத்துக்கு நாம் போகவேண்டும் என்றால், அதற்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். "தெரிஞ்சுதானே அங்க குடியிருக்காங்க" என்று சொல்கிறவர்களுக்கு நாம் கொடுக்கிற பதிலும் இதுதான். தெரியாதவர் சம்மதம் சம்மதமே அல்ல. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேட்கிறவள், அடுத்து நான் ஏன் ஓட வேண்டும் என்று கேட்பாள். முதல் கேள்விக்குப் பதில் இல்லாதபோது இரண்டாவது கேள்வி வெறும் கோஷமாக நின்றுவிடுகிறது. எண்ணூர்ச் சனங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஆலையை மூடு என்று போராடினார்கள். அம்மோனியா என்ற பெயரை அந்த ராத்திரிக்குப் பிறகு அவர்களில் சின்னப் பிள்ளைகளும் சொன்னார்கள். ஓடிய பிறகு கிடைத்த அறிவு அது. முன்னால் கிடைத்திருக்க வேண்டியது.

இருக்கிற பஸ்ஸை வைத்துக்கொண்டு எவ்வளவு அதிகம் பேரைக் காப்பாற்ற முடியுமோ அவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பார்க்க நடுநிலையான கணக்குத்தான். ஆனால் அகலத் தெருவிலிருந்து ஆரம்பித்தால்தான் வேகமாக ஏற்ற முடியும் என்று அந்தக் கணக்கு சொல்லும். சந்துக்குள் இருப்பவர் எப்போதும் கடைசி. ஆபத்துக்கு மிக அருகில் வைக்கப்பட்டவரிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம். அவரை அங்கே வைத்தது இயற்கை அல்ல.

இப்போது எங்கள் தெருவில் 15ஆவது விதியைத் தமிழில் எழுதி, படிப்பகத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதைக் காட்டி, எங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல் என்று மனுக் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. அடுத்த ஒத்திகையை ராத்திரியில், எங்கள் தெருவில், எல்லோரையும் வைத்து நடத்து என்றும் கேட்டிருக்கிறோம். செத்தவனாக நடிக்க இனி ஆள் அனுப்புவதில்லை என்று பையன்களே முடிவு செய்துவிட்டார்கள்.

ஆயாவுக்கு மட்டும் நாங்களே ஒரு பதில் சொன்னோம். தெருமுனையில் அம்பேத்கர் சிலை பக்கத்தில் கொடிக்கம்பம் இருக்கிறது. கொடி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் ஓடாதே, அதற்குக் குறுக்காக ஓடு, முந்தானையை நனைத்து முகத்தில் வைத்துக்கொள் என்று. அவள் நீலக்கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ராத்திரில கொடி எப்படிப்பா தெரியும்?" என்றாள்.

கம்பத்தின் மேலே ஒரு விளக்குப் போட வேண்டும் என்று இப்போது வசூல் செய்துகொண்டிருக்கிறோம்.